உச்சிப்புளிப் பக்கத்து மாவு மில்: சீலியாக் நோயுள்ள குழந்தை வளரும் வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே உள்ள ஒரு மாவு மில்லின் அரிசி அரவையைப் பற்றி எழுதுகிறேன். மில்லின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். குளூட்டன் இல்லாத மாவு கிடைக்கும் இடம் என்று பெயர் பரவிவிட்டால், தம்மால் கொடுக்க முடியாத உறுதியை நம்பி வெளியூரிலிருந்து யாராவது பிள்ளையோடு வந்து நிற்பார்களே என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை நியாயமானது என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன். இந்தக் கரையோரத்தில் இருப்பவர்கள் இரண்டு பேரிடம் விசாரித்தால் இடம் தெரிந்துவிடும். வேறு ஊரில் இருப்பவர்களுக்கு இடத்தைவிட, தங்கள் ஊர் மில்லில் எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே பயன்படும். ஆகவே அதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்குச் சீலியாக் நோய் இருக்கிறது. அதோடு இறாலும் நிலக்கடலையும் ஒத்துக்கொள்ளாது. சீலியாக்கும் ஒவ்வாமையும் வெவ்வேறு சங்கதிகள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மில்லுக்கு நான் தரும் மதிப்பெண்ணும் அதையொட்டி இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வாமை என்பது சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கி, உடம்பு தடித்து, சில வேளைகளில் மூச்சே முட்டுமளவுக்குக் கொண்டுபோய் விடுவது. சீலியாக் அப்படி வெளிப்படையாக வருவதில்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போகும்போதெல்லாம், உடம்பின் நோயெதிர்ப்பு அமைப்பே சிறுகுடலின் உறிஞ்சிகளைத் தாக்கித் தட்டையாக்கிவிடுகிறது. பிள்ளை தின்பதெல்லாம் உடம்பில் ஒட்டாமல், இரும்புச்சத்து மருந்து எவ்வளவு கொடுத்தாலும் இரத்தசோகை தீராமல், வயதுக்கேற்ற உயரமும் எடையும் இல்லாமல் இழுத்துக்கொண்டே போகும். இதற்கு மருந்து கிடையாது. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவது ஒன்றே வழி.

தென்மாவட்டங்களில் இந்த நோயைச் சட்டென்று நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. 2016ஆம் ஆண்டு வெளியான, நாட்டின் மூன்று பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வடக்கே 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவைச் சுமப்பவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறார்கள். சாப்பிடும் கோதுமையின் அளவில்தான் பெரிய வேறுபாடு. அரிசிச் சோறு உண்ணும் ஊரில் பிறந்ததே பாதிப் பாதுகாப்பு என்று உறவினர்கள் எங்களைத் தேற்றியதில் உண்மை உண்டு. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், கொழுக்கட்டை, கூழ், களி என்று எங்கள் அடுப்பில் ஏறுபவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கோதுமையே தேவையில்லை. வடநாட்டுத் தாய்மார்கள் சப்பாத்திக்கு மாற்றுத் தேடி அலைவதுபோல நாங்கள் அலைய வேண்டியதில்லை.

ஆனால் அந்த அரிசி மாவாகும் இடத்தில் சிக்கல் இருக்கிறது. குளூட்டன் இல்லாதது என்று ஓர் உணவுப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தரநிலை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பும் அதுவே. கோதுமை மாவின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். கால் கிராம் என்பது விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவு. பொதுவான மாவு மெஷினில் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துப் போன பிறகு, கல்லிடுக்கிலும் மாவு இறங்கும் வாயிலும் அதன் முனையில் கட்டியிருக்கும் துணியின் மடிப்பிலும் தங்குவது அதைப்போல எத்தனையோ மடங்கு இருக்கும். வழக்கமாக வீட்டுப் பெண்கள் முதலில் விழும் ஒரு பிடி மாவைத் தனியே எடுத்துவைப்பார்கள்; வாசனையும் நிறமும் கலக்காமலிருக்க அது போதும், சீலியாக் பிள்ளைக்குப் போதாது.

இங்கே யார் அவ்வளவு கோதுமை அரைக்கிறார்கள் என்று கேட்கலாம். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கேள்வி சரியாக இருந்திருக்கும். இப்போது சர்க்கரை நோயாளி இல்லாத வீடு குறைந்துவிட்டதால் இரவுச் சாப்பாடு சப்பாத்தியாகிவிட்டது. ரேஷன் கடையில் கிடைக்கும் கோதுமையும் மில்லுக்குத்தான் வருகிறது. இவற்றுக்கும் மேலே உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளமும், மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் உள்ளன. அங்கே பணிபுரியும் வடமாநிலக் குடும்பங்கள் பொட்டல மாவை விரும்பாமல் கோதுமையாக வாங்கி, கழுவிக் காயவைத்து, சாக்கோடு கொண்டுவந்து அரைத்துச் செல்கிறார்கள். ஆகையால் இந்தச் சாலையோர மில்களில் கோதுமை ஓடாத நாளே இல்லை. (எங்கள் மகளின் நோயைப் பற்றி இரண்டாவது வாக்கியம் சொல்லத் தேவையில்லாமல் புரிந்துகொண்டவர், வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஹரியானாக்காரப் பெண்மணிதான், அவருடைய அண்ணன் மகனுக்கும் இதே நோயாம். சொந்தபந்தத்தில் விளக்கி விளக்கி அலுத்த பிறகு அந்த ஐந்து நிமிடப் பேச்சு பெரிய ஆறுதலாக இருந்தது.)

இனி மில்லுக்கு வருகிறேன். சாலையைப் பார்த்த முன்கூடத்தில் மூன்று மெஷின்கள் இருக்கின்றன: ஒன்று கோதுமைக்கும் சத்துமாவுக்கும், ஒன்று மிளகாய், மல்லி, மசாலாவுக்கு, மற்றொன்று சீயக்காய்க்கு. அரிசி மெஷின் இவற்றோடு இல்லை. கூடத்தின் கிழக்குப் பக்கம், இடையே முழுச் சுவர் எழுப்பி, தனி வாசல் வைத்த தகரக் கொட்டகையில் இருக்கிறது. எங்களுக்காக அப்படிக் கட்டப்பட்டதல்ல. ஈர அரிசி அரைக்கும்போது மிளகாய் நெடி ஏறிவிடுகிறது என்று இடியாப்பம் அவித்து விற்கும் பெண்கள் குறைப்பட்டதால், உரிமையாளரின் தகப்பனார் காலத்திலேயே பிரித்துவிட்டார்களாம். காரணம் எதுவாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டிய முதல் நிபந்தனை அங்கே ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. சுவர் இல்லாமல், ஒரே கூடத்தில், இது அரிசிக்கு மட்டும் என்று எழுதி ஒட்டிய மெஷினை நம்பாதீர்கள்; அரவை நடக்கும்போது பறக்கும் கோதுமைத் தூசு பக்கத்து மெஷினின் மேல்தொட்டியில் படிவதை வெயில் விழும் நேரத்தில் கண்ணாலேயே பார்க்கலாம்.

நாங்கள் கேட்டவற்றில் அவர் ஒத்துக்கொண்டவை சில. திங்கட்கிழமை காலை, முன்கூடத்து மெஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பு, அரிசி மெஷினைத் திறந்து கல்லையும் சுற்றுப்புறத்தையும் அதற்கென்றே வைத்திருக்கும் தூரிகையால் துடைத்தெடுக்கிறார். பிறகு கடையின் சொந்தப் பச்சரிசியில் ஒரு கிலோவை ஓட்டி, அந்த மாவைக் கோழித்தீவனத்துக்கென்று ஒதுக்கிவிடுகிறார். அதன் பிறகே எங்கள் அரிசி. மாவு இறங்கும் வாயில் கட்டும் துணியை நாங்களே வீட்டிலிருந்து கொண்டுபோகிறோம். கடைத்துணி எத்தனை முறை உதறினாலும் அதன் தையலில் மாவு இருக்கும். எடைபோடுவதும் எங்கள் பாத்திரத்தோடுதான், ஏனென்றால் தராசுத் தட்டு முன்கூடத்தில் கோதுமை நிறுத்த தட்டு. மாவு அள்ளும் அலுமினியத் தட்டு ஒன்று கொட்டகைக்கென்று தனியாக ஆணியில் தொங்குகிறது. அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் வேலை.

ஒரு முறை நான் காலையில் போக முடியாமல் மதியம் போய் நின்றபோது அவர் அரைக்க மறுத்துவிட்டார். “கோதுமை ஓட்டுன கையோட அந்தப் பக்கம் போகமாட்டேன் தங்கச்சி. நாளைக்குக் காலையில வாங்க, வெள்ளன வந்தா மொத ஆளா அரைச்சுத் தாரேன்” என்றார். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் துணிவு வியாபாரத்தில் அரிது. அண்ணனின் அந்த மறுப்பைத்தான் இந்த மில்லின் மிகப் பெரிய சிறப்பாக நான் எண்ணுகிறேன். நாங்கள் முன்பு போய்க்கொண்டிருந்த வேறொரு மில்லில், எதைக் கேட்டாலும் “அதெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும்” என்ற பதிலே வரும்; கேள்வி காதில் விழுவதற்கு முன்பே வந்துவிடும் பதில் அது.

அரிசி மெஷினில் எதைப் போடலாம் என்பதிலும் அவருக்கு ஒரு கறார் உண்டு. அரிசியைத் தவிரக் கேழ்வரகு, கம்பு, குதிரைவாலி ஆகியவற்றை வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு மட்டும், அதுவும் முறத்தில் பரப்பிப் பார்த்த பிறகே ஏற்கிறார். இந்தத் தானியங்களில் இயற்கையாகக் குளூட்டன் இல்லை. ஆனால் மளிகைக் கடையில் வாங்கும் கம்பிலும் கேழ்வரகிலும் நாலைந்து கோதுமை மணிகள் கிடப்பது சாதாரணம். ஒரே களத்தில் அடித்து, ஒரே சாக்கில் கட்டி, ஒரே படியால் அளப்பதால் வரும் கலப்பு அது. மில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உள்ளே போகும் தானியத்தில் கோதுமை இருந்தால் பயனில்லை. எனவே முழுத் தானியமாக வாங்கி, புடைத்து, கண்ணால் பொறுக்கி, கழுவிக் காயவைத்துக் கொண்டுபோவது எங்கள் வீட்டு வேலை. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் நேரடியாக வாங்கும் குதிரைவாலியில் எங்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வந்ததில்லை. இதே மெஷினில் தை மாதத்தில் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கையும் அரைத்துத் தருகிறார். நார் கல்லில் சுற்றிக்கொள்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் செய்கிறார், நியாயமான முணுமுணுப்பு. அந்த மாவில் தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கும் புட்டுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மாவின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்வது மட்டும் போதாது, அவள் விரும்பித் தின்னவும் வேண்டும். இடியாப்பத்துக்கு இரண்டு ஓட்டு ஓட்டிய ஈர அரிசி மாவு, சலித்தால் குருணையே நிற்காத அளவு நயமாக வருகிறது. நாழியில் பிழியும்போது கை வலிக்காமல் இழை அறாமல் இறங்குகிறது. புட்டுக்குக் கொஞ்சம் கொரகொரப்பாக வேண்டுமென்றால் கல்லைத் தளர்த்தித் தருகிறார். கொழுக்கட்டை மாவில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கல் சூடேறிய நிலையில் அரைத்தால் மாவு சற்றுக் காந்தி, பிடிக்கும்போது வெடிக்கிறது. முதல் ஆளாகப் போனால் இந்தக் குறையும் வருவதில்லை. மாவை வறுப்பதற்கு முன்கூடத்தில் சுழலும் உருளை இருக்கிறது. அதில் சத்துமாவுக்கான கோதுமையும் நிலக்கடலையும் வறுக்கப்படுவதால் அதன் பக்கமே போகாமல், வீட்டு வாணலியில்தான் வறுத்துக்கொள்கிறோம்.

இப்போது குறைகள். முதல் குறைக்குக் காரணம் மில் இருக்கும் திசை. கோதுமைக் கூடம் மேற்கே, அரிசிக் கொட்டகை கிழக்கே. வாடைக்காற்று மாதங்களில் இது ஒரு பொருட்டே இல்லை. வைகாசி பிறந்து கச்சான் என்னும் மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால், இந்தக் கரையில் மணலையே தூக்கி வீட்டுக்குள் கொட்டும் காற்று, முன்கூடத்து மாவுத்தூசை அப்படியே கொட்டகை வாசலுக்குத் தள்ளுகிறது. ஆனி ஆடியில் கொட்டகையின் குறுக்குச் சட்டங்களில் விரலை வைத்து இழுத்தால் பழுப்பு மாவு வருவதைக் காட்டினேன். அதன் பிறகு வாசலில் தார்ப்பாய் தொங்கவிட்டிருக்கிறார். உதவுகிறது, முழுமையாக அல்ல. கச்சான் காலத்தில் திங்கள் காலை, அதுவும் முன்கூடத்தில் மோட்டார் போடுவதற்கு முன்பு என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இரண்டாவது குறை ஆட்களைப் பற்றியது. உரிமையாளர் இருக்கும்போது நடப்பதெல்லாம் அவர் இல்லாதபோது நடப்பதில்லை. உதவிக்கு இருக்கும் பையன் நல்லவன், சுறுசுறுப்பானவன். அந்தச் சுறுசுறுப்பே சிக்கல், வரிசை நீண்டால் அரிசிக் கொட்டகையில் யார் எதைக் கொடுத்தாலும் கொட்டிவிடுவான். ஒரு பாட்டி அரிசியோடு கோதுமை ரவையைக் கலந்து கஞ்சிக்கு உடைக்கக் கொடுத்ததை நான் பார்த்தேன். உரிமையாளரிடம் சொன்னபோது அவர் வருத்தப்பட்டு, கொட்டகைச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். இருந்தாலும், போகும் முன் தொலைபேசியில் அவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

மூன்றாவது, மசாலா மெஷின். இங்கேதான் என் மதிப்பெண் தலைகீழாகிறது. கோதுமைக் கலப்பைப் பற்றி இவ்வளவு புரிந்துகொண்ட மனிதர், ஒவ்வாமை என்று வரும்போது அதே அக்கறையைக் காட்டவில்லை. அந்த மெஷினில் நிலக்கடலை சேர்த்த இட்லிப் பொடி அரைபடுகிறது. கடற்கரை ஊராயிற்றே, கூனி என்னும் காய்ந்த பொடி இறாலை வறுத்து மிளகாயோடு சேர்த்துப் பொடிக்கக் கொண்டுவருபவர்களும் உண்டு. “அதெல்லாம் வறுத்ததுதானே, சூட்டுல போயிரும்” என்றார். போகாது. இறால், கூனி, நண்டு ஆகியவற்றில் ஒவ்வாமையை உண்டாக்கும் டிரோப்போமயோசின் என்னும் புரதம் சூட்டில் சிதைவதில்லை. நிலக்கடலையை வறுத்தாலும் அதன் ஒவ்வாமைத் தன்மை குறைவதில்லை. அதனால் எங்கள் வீட்டு மிளகாய்ப்பொடியும் மல்லிப்பொடியும் இந்த மில்லில் அரைபடுவதே இல்லை. இராமநாதபுரத்து முண்டு மிளகாயை வெயிலில் காயவைத்து, மகளுக்கென்று ஒதுக்கிய மிக்ஸி ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்துச் சலிக்கிறோம். சாம்பார்ப்பொடியில் பெருங்காயமும் சேர்ப்பதில்லை; கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ அரிசி மாவோ சேர்ந்திருக்கும், எது என்பதைப் பொட்டலத்தின் பின்புறச் சிறிய எழுத்தில்தான் தேட வேண்டும். ஒவ்வாமை மட்டும் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அரிசி மெஷினைப் பயன்படுத்தலாம். மசாலா மெஷினை எந்த நிலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இந்த மாவு ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது அல்ல. உணவிலுள்ள குளூட்டனை அளக்க எலிசா என்னும் முறை இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்கள் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. ஒரு முறை சோதித்தாலும் அது அன்றைய மாவுக்கு மட்டுமே பொருந்தும். மகளின் இரத்தப் பரிசோதனையில், சீலியாக்கைச் சுட்டும் டிடிஜி என்ற எதிர்ப்புப் பொருளின் அளவு படிப்படியாக இறங்கி இயல்பு நிலைக்கு வந்திருக்கிறது, எடையும் ஏறியிருக்கிறது. அதற்கு இந்த மில் ஒரு காரணமாக இருக்கலாம், வீட்டில் மைதாவும் ரவையும் அடியோடு நின்றுபோனதும் காரணமாக இருக்கலாம்; இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகையால் நோய் இப்போதுதான் கண்டறியப்பட்டு, குடல் புண் ஆறாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, முதல் சில மாதங்கள் சான்று பெற்ற பொட்டல மாவையோ வீட்டிலேயே பொடித்ததையோ பயன்படுத்துவது நல்லது என்பதே என் எண்ணம். நோய் உறுதிப்படும் முன்னரே சந்தேகத்தின் பேரில் கோதுமையை நிறுத்திவிட்டு மில் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பரிசோதனை முடியும் வரை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் நோயைக் காட்டாமல் போகக்கூடும்.

மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தில் வரவழைக்கும் சான்று பெற்ற மாவு நம்பகமானது, விலையும் அதற்கேற்றபடி பல மடங்கு. பெரும்பாலானவை ரொட்டிக்கும் சப்பாத்திக்கும் ஏற்ற கலவைகள், அவற்றை வைத்து இடியாப்பம் பிழிய முயல்வது வீண். கடைகளில் கிடைக்கும் இடியாப்ப மாவுப் பொட்டலங்கள் சிலவற்றில், கோதுமையும் கையாளப்படும் ஆலையில் தயாரானது என்ற குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைப் போடுபவர்களைக் குறைசொல்ல மாட்டேன், உண்மையைச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் வைக்கும் சிறிய மாவு மெஷினை நாங்களும் யோசித்தோம். தெரிந்தவர் வீட்டில் ஓடுவதைப் பார்த்தபோது காய்ந்த அரிசியை நன்றாகவே அரைத்தது, ஈர அரிசிக்குத் திணறியது. உப்புக்காற்றில் அதன் திருகாணிகளெல்லாம் துருவேறியிருந்தன. கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அது நல்ல ஏற்பாடாகவே இருக்கும்.

கூலியைப் பொறுத்தவரை, மற்ற மில்களைவிடக் கிலோவுக்கு 5 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார். முதலில் ஓட்டும் ஒரு கிலோ கடையரிசிக்குத் தனியே காசு கேட்பதில்லை. நாங்களாகவே அந்த அரிசியைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். மேலும் இரண்டு குடும்பங்கள் இப்போது அதே திங்கள் காலையில் வருகின்றன. ஒன்று கீழக்கரையிலிருந்து வருவது. அவர்கள் வீட்டுப் பையனுக்கும் சீலியாக்தான், தொதல் என்னும் இனிப்பைக் கிண்டுவதற்கு அரைத்துப் போகிறார்கள். மூன்று வீட்டு அரிசியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதால் ஒரே முறை சுத்தம் செய்தால் போதும் என்பது அவருக்கும் வசதி.

இந்த மாவு எங்களுக்கு எதற்கெல்லாம் வேண்டியிருக்கிறது என்பதற்கு மகளின் பள்ளிக்கூடமே போதும். அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய காலை உணவுத் திட்டம் எத்தனையோ பிள்ளைகளின் வயிற்றை நிறைக்கிறது. அதன் பட்டியலில் ரவையும் சேமியாவும் கோதுமை ரவையும் உப்புமாவாக வருவதால் எங்கள் மகளால் அதில் கைவைக்க முடியாது. அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவிலும் கோதுமை உண்டு. ஆகவே காலையில் இடியாப்பமோ கேழ்வரகுப் புட்டோ கட்டிக் கொடுக்கிறோம். தன் டப்பாவிலிருந்து தோழிகளுக்குக் கொடுக்கலாம், அவர்களுடையதிலிருந்து எடுக்கக் கூடாது என்ற ஒருவழிப் பாதையை அவள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள். இடியாப்பம் மென்மையாக இருக்கும் நாட்களில் டப்பா முதல் மணிக்குள்ளேயே காலியாகிவிடுவதாகவும் புகார் சொல்கிறாள்.

போக நினைப்பவர்கள் ஞாயிறு மாலையே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. சொந்தத் துணி, சொந்தப் பாத்திரம், மூடியுள்ள டப்பா ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஈரக்காற்றில் மாவு சீக்கிரம் வண்டு பிடிப்பதால் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும் அளவு அரைக்க வேண்டாம். வறுத்து ஆறவைத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தீபாவளிக்கு முந்தைய வாரமும், பொங்கலுக்கு முந்தைய வாரமும், நோன்புக் கஞ்சிக்கு அரிசி உடைக்கக் கூட்டம் வரும் ரமலான் மாதமும் அரிசிக் கொட்டகை எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது. முறுக்கு மாவு, அதிரச மாவு என்று இரவு வரை ஓடும். அந்த நாட்களில் சுத்தம் செய்து தனியாக அரைத்துத் தர முடியாது என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். ரமலான் முழுவதுக்கும் மாவைச் சேர்த்துவைக்க முடியாது என்பதால், அந்த மாதத்தில் நாங்கள் ஊறவைத்த அரிசியை வீட்டுக் கிரைண்டரில் ஆட்டி, இட்லி, தோசை, ஆப்பத்தோடு சமாளித்துக்கொள்கிறோம்.